ஆழமில்லா நீரின் அறம்

ஐப்பசி பிறந்து வானம் அடைமழைக்கு ஆயத்தமாகும் நாட்களில், பாசிர் ரிஸ் கடற்கரையில் விடியற்காலையில் நிற்பவர் கண்ணுக்குக் கடல் ஒரு பெரிய ஏரியைப் போலவே தோன்றும். எதிரே புலாவ் உபின் தீவு பச்சைக் கோடாகக் கிடக்கிறது. இடையே மீன் பண்ணைகளின் மிதவைகளும் அவற்றின் மேல் அமைந்த மரக் குடில்களும் அசைவற்று நிற்கின்றன. நீர் வற்றும் வேளையில் கரையோரச் சேறு வெளிப்பட, கொக்குகள் அதில் நிதானமாக நடந்து இரை தேடுகின்றன. இரைச்சலிடும் அலை இல்லை. அச்சுறுத்தும் ஆழமும் கண்ணுக்குத் தெரிவதில்லை. கம்பத்து வீடுகள் நிறைந்திருந்த காலத்திலும், 1980களில் அடுக்குமாடி வீடுகள் எழுந்து 1989ஆம் ஆண்டு டிசம்பரில் பெருவிரைவு ரயில் நிலையம் திறக்கப்பட்ட பின்னரும், இந்தக் கரையின் முகம் சாந்தமானதாகவே இருந்து வருகிறது.

அந்தச் சாந்தமே ஓர் அறக் கேள்வியை எழுப்புகிறது. ஆழ்கடலைக் கண்டு அஞ்சுகிறவன் ஆயத்தத்தோடு செல்கிறான். ஆழமில்லாத நீரைக் காண்பவனோ ஆயத்தத்தை மறந்துவிடுகிறான். மறதியினால் ஒன்றும் நேராமல் வீடு திரும்பினால், அவன் செய்தது தவறா, தவறில்லையா? தன் உயிரைப் பணயம் வைப்பது ஒருவனுடைய தனி உரிமையா, அல்லது பிறர்க்கும் அதில் பங்கு உண்டா? மீன் பிடிக்கச் செல்லும் சிறு படகில் இத்தனை பெரிய கேள்விகள் ஏறுமா என்று ஐயுறுவோர் உண்டு. ஆயினும் அறம் பெரும்பாலும் சோதிக்கப்படுவது இத்தகைய சிறு படகுகளில்தான்.

நீரின் இயல்பு

பாசிர் ரிஸ்ஸுக்கு முன் விரிந்து கிடப்பது ஜோகூர் நீரிணையின் கிழக்குப் பகுதி. 1924இல் திறக்கப்பட்ட ஜோகூர் காஸ்வே, நீரிணையைக் குறுக்கே தடுத்து நிற்பதால், இங்கே கடல்நீர் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியேறுவதில்லை; வந்த வழியே திரும்புகிறது. நாள்தோறும் இரு முறை ஏறி இரு முறை இறங்கும் நீர், அமாவாசை பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏறக்குறைய 3 மீட்டர் வரை உயர்ந்து தாழும். காலையில் படகு மிதந்து சென்ற இடம் நண்பகலில் சேற்றுத் திட்டாகியிருக்கும். உபினின் கிழக்கு முனையில் உள்ள செக் ஜாவாவை வற்று வேளையில் கண்டவர்கள் இதை அறிவார்கள். சற்று முன்பு கடலாக இருந்த பரப்பில் நண்டுகள் ஊர்ந்துகொண்டிருக்கும்.

ஆழமற்ற நீர் அமைதியான நீர் என்பது பொதுவான எண்ணம். நீரின் இயல்பு வேறு விதமானது. ஆழ்கடலில் அலை நீண்டு தாழ்ந்து வருகிறது. படகு அதன்மேல் ஏறி இறங்குகிறது. அடித்தரை நெருங்கும் இடத்தில் அலையின் வேகம் குறைகிறது, ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் உள்ள இடைவெளி சுருங்குகிறது, உயரம் செங்குத்தாகிறது. ஒன்றிலிருந்து மீள்வதற்குள் அடுத்தது வந்து சிறு படகின் முகப்பில் மோதுகிறது. காற்று ஒரு திசையிலும் நீரோட்டம் எதிர்த் திசையிலும் செல்லுமானால் இந்தக் கொந்தளிப்பு மேலும் கூடுகிறது. கவிழ்ந்தால் எழுந்து நின்றுவிடலாம் என்று நம்புகிறவன், சதுப்புச் சேற்றில் கால் புதைந்த பிறகுதான் அந்த நம்பிக்கையின் வலுவை அறிகிறான். சில அடி தள்ளினால் கப்பல் செல்லும் ஆழ்வழியின் விளிம்பு இருப்பதும் மேற்பரப்பில் தெரிவதில்லை.

காற்றின் கணக்கும் எளிதன்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரும்பாலும் விடியலுக்கு முன்னும் காலையிலும், மேற்கேயிருந்து சுமத்ராக் காற்று வரிசை கட்டி வருகிறது. மணிக்கு 40 முதல் 80 கிலோமீட்டர் வரையிலான வேகத்தில் அது வீசும். முதலில் அடிவானில் ஒரு கரிய பட்டை தோன்றும். பின்பு சட்டென்று ஒரு குளிர்ந்த மூச்சு. அதன் பின் சிந்திக்க நேரம் கிடையாது. ஐப்பசியில் அந்தக் காற்றின் கடைசி நாட்களும், பிற்பகல் இடிமழையும், வாடையின் வருகையும் ஒன்றோடொன்று கை கோக்கின்றன. உலகில் மின்னல் மிகுந்த இடங்களுள் ஒன்று சிங்கப்பூர். திறந்த நீர்ப்பரப்பில் தூண்டிற்கோலைத் தூக்கிப் பிடித்து நிற்பவனே அங்கே உயர்ந்த பொருளாக இருக்கிறான்.

இது சிங்கைக்கு மட்டும் உரிய செய்தியன்று. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் ஒக்கிச்சோபி என்றோர் ஏரி உண்டு. ஏறக்குறைய 1,900 சதுரக் கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஏரியின் சராசரி ஆழம் 3 மீட்டருக்கும் குறைவு. பாஸ் என்னும் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்போர்க்கு அது புகழ்பெற்ற இடம். 1928 செப்டம்பரில் வீசிய புயலில், ஆழமற்ற அந்த நீர் முழுவதும் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டுக் கரையை உடைத்துப் பாய்ந்தது. குறைந்தது 2,500 பேர் மாண்டனர். இடுப்பளவு நீர்தானே என்று அலட்சியம் செய்வோர்க்கு அந்த ஏரியின் வரலாறு போதிய விடை.

மகிழ்ச்சியில் பிறக்கும் மறதி

பாசிர் ரிஸ் நீரில் தூண்டிலிடுவோர் நாடும் மீன்களுள் கொடுவா முதன்மையானது. மலாய் மொழியில் அதனைச் சியாகாப் என்பர். உப்பு நீரிலும் நன்னீரிலும் வாழ வல்ல அது, கண்டல் வேர்களின் நிழலிலும், பண்ணைகளின் கம்பங்களின் ஓரத்திலும் பதுங்கி நின்று, நீரோட்டம் சிறு மீன்களைக் கொண்டுவரும் வேளையில் பாய்ந்து கவ்வும். மங்கிய ஒளியும் நீர் திரும்பும் நேரமும் அதற்கு உகந்தவை. ஆகவே மீன் நன்கு கடிக்கும் நேரமும், காற்று மாறக்கூடிய நேரமும், நீர் வற்றத் தொடங்கும் நேரமும் பல நாட்களில் ஒன்றாகவே அமைகின்றன. இயற்கை வேண்டுமென்றே மனிதனைச் சோதிப்பதில்லை. எனினும் இதைவிடக் கூர்மையான ஒரு சோதனையை யாராலும் வகுத்துத் தந்திருக்க முடியாது.

திருக்குறளில் பொச்சாவாமை என்றோர் அதிகாரம் உண்டு. பொச்சாப்பு என்பது மறதி. அறியாமையினால் வரும் மறதி அன்று அது. களிப்பு மிகுந்த வேளையில் கடமையை விட்டுவிடும் மறதி. வள்ளுவர் இதற்குத் தனியே பத்துக் குறட்பாக்கள் ஒதுக்கியது எத்துணைப் பொருத்தம் என்பதை, மீன் கடிக்கத் தொடங்கிய படகில் அமர்ந்திருப்பவர் உணர்வர். துன்பத்தில் இருப்பவன் விழித்திருக்கிறான். வெற்றி பெற்றுக்கொண்டிருப்பவன்தான் வானத்தைப் பார்க்க மறக்கிறான். இன்னும் ஒரு மீன், இன்னும் ஐந்து நிமிடம் என்ற இரு சொற்றொடர்களுக்குள் எத்தனையோ குடும்பங்களின் கண்ணீர் அடங்கியிருக்கிறது.

இரு படகோட்டிகள்

பொதுவான ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். ஒரே காலையில் ஒரே கரையிலிருந்து இருவர் தனித்தனிப் படகில் புறப்படுகின்றனர். இருவரும் உயிர்காப்பு அங்கியை இருக்கைக்கு அடியில் திணித்து வைத்துள்ளனர். இருவரும் வானிலை அறிக்கையைக் கேட்கவில்லை. எங்கே செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டாரிடம் சொல்லவுமில்லை. மேற்கே கறுத்தபோது இருவரும் ஐந்து நிமிடம் தாமதித்தனர். ஒருவனுடைய படகு அலையில் நீரள்ளிக் கவிழ்ந்தது, அவன் பிழைக்கவில்லை. மற்றவன் நனைந்த சட்டையோடும் நான்கு கொடுவா மீன்களோடும் கரை சேர்ந்தான். முதல்வனை ஊர் மூடன் என்றது. இரண்டாமவனைத் துணிச்சல்காரன் என்று பாராட்டி மீன்குழம்பு உண்டது.

இருவரும் செய்தது ஒன்றே. வேறுபாட்டை உண்டாக்கியது காற்று. அவ்வாறாயின் ஊரார் வழங்கிய இருவேறு தீர்ப்புகளும் நியாயமானவையா?

இக்கேள்வியை 1976இல் பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் இரு தத்துவ அறிஞர்கள் விரிவாக ஆராய்ந்தனர். மனிதன் தன் கட்டுப்பாட்டில் இல்லாதவற்றுக்காகப் புகழப்படுவதும் பழிக்கப்படுவதும் எங்ஙனம் பொருந்தும் என்பது அவர்கள் கண்ட சிக்கல். அவர்களுக்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, 1877இல், ஆங்கிலேயக் கணித அறிஞர் வில்லியம் கிளிஃபர்டு, நம்பிக்கையின் அறத்தைப் பற்றிய தம் கட்டுரையை ஒரு கப்பல் முதலாளியின் கதையோடு தொடங்கினார். பழுதுபட்ட பழைய கப்பல் அது. குடிபெயரும் மக்களை ஏற்றிச் செல்லவிருக்கிறது. முதலாளியின் மனத்தில் ஐயம் எழுகிறது. இத்தனை முறை போய் வந்த கப்பல் இம்முறையும் போய் வரும் என்று தனக்குத் தானே சொல்லி அந்த ஐயத்தை அமுக்கிவிடுகிறான். கப்பல் மூழ்கினால் அவன் குற்றவாளி என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கிளிஃபர்டோ அடுத்த படிக்குச் செல்கிறார்: கப்பல் பத்திரமாகச் சென்று சேர்ந்திருந்தாலும் அவன் குற்றம் இம்மியளவும் குறையாது, அவன் குற்றவாளியாகக் கண்டுபிடிக்கப்படாமல் போயிருப்பான், அவ்வளவே. இதனை எழுதியவர் வெறும் ஏட்டறிவினால் எழுதவில்லை. 1870இல் சூரிய கிரகணத்தை ஆராயச் சென்ற குழுவில் இருந்த அவர், சிசிலித் தீவுக்கு அருகே கப்பல் உடைந்து உயிர் தப்பியவர்.

கிளிஃபர்டின் தீர்ப்பை ஏற்பின், கரை சேர்ந்த இரண்டாமவனுக்கு ஒரு கடன் இருக்கிறது. தப்பித்ததைத் தன் திறமைக்குச் சான்றாகக் கொள்ளாமல், தப்பாதவனைப் போலவே தன் செயலை எண்ணி வருந்தும் கடன் அது. இதனை அவன் செய்யாவிடில் நேரும் கேடு பெரிது. ஏனெனில் அதிர்ஷ்டம் ஒரு பொய்யாசிரியன். கவனமின்றிச் சென்று நலமாகத் திரும்பும் ஒவ்வொரு நாளும் கவனம் தேவையில்லை என்ற பாடத்தையே அது கற்பிக்கிறது. இருபது ஆண்டு அனுபவம் என்று சிலர் கூறிக்கொள்வது, உண்மையில் இருபது ஆண்டு அதிர்ஷ்டமாக இருக்கலாம். அனுபவத்தையும் அதிர்ஷ்டத்தையும் பிரித்தறிவதற்கு வழி ஒன்றே: நடந்ததை மட்டும் எண்ணாமல், நடந்திருக்கக் கூடியதையும் எண்ணிப் பார்த்தல்.

என் உயிர் என்னுடையது என்னும் வாதம்

இங்கே ஒரு மறுப்பு எழும். அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. நாள் முழுதும் விதிகளுக்கு நடுவே வாழ்கிறவன், அடுக்குமாடியின் பத்தாம் மாடியிலிருந்து இறங்கிக் கடலுக்கு வருவதே சற்று விடுதலையாக மூச்சு விடுவதற்குத்தான். அங்கேயும் அங்கி, உரிமம், அறிக்கை என்று துரத்தினால் அவன் எங்கே போவான்? உயிர் அவனுடையது, அதனை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்வது என்பதும் அவன் விருப்பம் அன்றோ? கடல் கடந்து வந்த தமிழரின் வாரிசுகளுக்கு அபாயத்தைப் பற்றி உபதேசம் எதற்கு? ரஜூலா கப்பலின் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்து வந்த பாட்டன் அஞ்சியிருந்தால், பேரன் இங்கே இருந்திருப்பானா?

இவ்வாதத்தில் உண்மை உண்டு. அபாயமே அற்ற வாழ்வு வாழ்வாகாது. ஆயினும் ரஜூலாவில் வந்த பாட்டனை ஊன்றி நோக்கினால் வேறொன்று புலப்படும். அவர் துணிந்தது உண்மை. அத்துணிவைத் தாங்கி நின்றது கப்பலின் பக்கத்தில் தீட்டப்பட்டிருந்த ஒரு கோடு. அவர் அதைக் கண்டிருக்கவும் மாட்டார். சரக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று காட்டும் சுமைக்கோடு அது. பழுதடைந்த கப்பல்களில் அளவுக்கு மீறிச் சரக்கேற்றி, மூழ்கினால் காப்புறுதிப் பணம் பெறும் முதலாளிகளை எதிர்த்து, சாமுவேல் பிளிம்சால் என்பவர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் போராடிப் பெற்றது. 1876இல் சட்டம் வந்தது. கோடு கட்டாயமாயிற்று, அதை எங்கே வரைவது என்பது மட்டும் முதலாளியின் விருப்பத்துக்கே விடப்பட்டது. விரும்பிய உயரத்தில் கோடு வரைந்துகொள்ள அவர்களால் முடிந்தது. 1890களில்தான் அக்கோட்டின் இடமும் சட்டத்தால் உறுதியாயிற்று.

தன் எல்லைக் கோட்டைத் தானே வரைந்துகொள்ளும் உரிமை உள்ளவன், ஆசை மிகும்போது அதனைச் சற்று மேலே தள்ளி வரைவான் என்பதே அந்த வரலாறு காட்டும் மனித இயல்பு. ‘என் உயிர் என்னுடையது’ என்போனும் தன் கோட்டைத் தானே வரைகிறவன்தான். அவன் படகில் தனியே இருக்கிறானா என்பது முதற் கேள்வி. பெரும்பாலும் நண்பன் ஒருவனோ, மகனோ உடன் இருப்பர். சுக்கானைப் பிடித்திருக்கும் மீகாமன், அந்த நேரத்தில் அவர்கள் எல்லோருக்கும் பொறுப்பாளன். படகில் இருப்போருள் மிகவும் நலிந்தவனின் வலிமையே அப்படகின் வலிமை. நீந்தத் தெரிந்தவன் தன் திறமையை அளவுகோலாகக் கொண்டு, நீந்தத் தெரியாதவனின் உயிரை வைத்துத் துணிவது வீரம் ஆகாது.

தனியே செல்பவனும் தனியன் அல்லன். தமிழ் மரபு இதனை நெடுங்காலத்துக்கு முன்பே அறிந்திருந்தது. கடலும் கடல்சார்ந்த இடமும் நெய்தல் என்று வகுத்த இலக்கணத்தார், அந்நிலத்துக்கு உரிய ஒழுக்கமாக வேட்டையின் வெற்றியையோ அலையை வென்ற வீரத்தையோ வைக்கவில்லை. இரங்கலை வைத்தனர். கடலுக்குச் சென்றவனைவிடக் கரையில் காத்திருப்பவளின் நெஞ்சமே அந்நிலத்தின் மையம் என்பது அவர்கள் கண்ட உண்மை. புறப்படும் ஒவ்வொரு படகோடும் கரையில் ஒருவர் கட்டப்பட்டிருக்கிறார். அவரைக் கேளாமல் அவருடைய வாழ்நாளையும் சேர்த்துப் பணயம் வைக்க எவருக்கும் உரிமை இல்லை. மேலும் படகு கவிழ்ந்த செய்தி கிட்டியவுடன், அதே காற்றிலும் மின்னலிலும் மீட்கச் செல்வோர் உளர். அவர்களுக்கும் வீடு உண்டு.

ஒரு வேறுபாட்டை மட்டும் மறத்தல் ஆகாது. பிழைப்புக்காகக் கடலில் இறங்கும் மீனவனும், பொழுதுபோக்குக்காக இறங்குபவனும் ஒரே தராசில் நிற்பவர் அல்லர். கரையில் பசித்த வயிறுகள் இருக்க, கறுத்த வானத்தைக் கண்டும் வலை வீசுகிறவனைக் குறை கூறுமுன், அவன் மீனை மலிவாகக் கேட்டு வாங்கும் சந்தையும் தன் பங்கை எண்ணிப் பார்க்க வேண்டும். பொழுதுபோக்குக்குச் செல்பவனுக்கு அந்தச் சமாதானம் கிடையாது. வெறுங்கையோடு திரும்பினாலும் அவன் வீட்டில் உலை கொதிக்கும். ஆகவே திரும்பிவரும் கடமை அவனுக்கு இரு மடங்கு.

சட்டமும் மனச்சான்றும்

சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஓராள் ஆழமும் இல்லாதது. 2011ஆம் ஆண்டு டிசம்பர் 25 அன்று, விடுமுறையைக் களிக்கச் சென்றோரை ஏற்றிய படகு ஒன்று அங்கே கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். படகு தாங்கும் அளவுக்கு மேல் ஆட்கள் ஏறியிருந்தனர்; உயிர்காப்பு அங்கிகள் இல்லை. பதினோர் ஆண்டுகளுக்குப் பின், 2023 மே 7 அன்று, கேரளத்தின் தானூரில் கரைக்கு அருகிலேயே மற்றொரு படகு கவிழ்ந்தது. அங்கும் ஏற்றிய சுமை அளவுக்கு மீறியது. அங்கும் மாண்டவர் 22 பேர். முதல் விபத்தின் பாடம் இரண்டாவது படகுத்துறையை எட்டவில்லை. பிறர் துயரத்திலிருந்து கற்கத் தவறுவதும் ஒருவகைப் பொச்சாப்பே.

சிங்கப்பூரும் தன் பாடத்தைக் கண்ணீரில் கற்றது. 2007 நவம்பர் 23 அன்று, கம்போடியத் தலைநகர் நோம் பென்னில், தோன்லே சாப் ஆற்றில் சிங்கப்பூரின் டிராகன் படகு அணி சென்ற படகு கவிழ்ந்து, 22 வீரர்களுள் ஐவர் இறந்தனர். உடல் வலிமையில் அவர்கள் எவர்க்கும் குறைந்தவர் அல்லர். ஆயினும் அவர்கள் உயிர்காப்பு அங்கி அணிந்திருக்கவில்லை. நீரோட்டம் கடுமையாக இருந்தது. வலிமை உள்ளவனுக்குக் காப்பு வேண்டா என்ற எண்ணத்துக்கு அந்த ஐந்து இளைஞர்களின் மறைவு நிலையான மறுப்பாக நிற்கிறது.

இன்று சிங்கப்பூரில் இயந்திரம் பொருத்திய உல்லாசப் படகை ஓட்ட உரிமம் வேண்டும். படகில் இருப்போர் அனைவர்க்கும் உயிர்காப்பு அங்கி இருத்தல் வேண்டும். அமெரிக்காவில் 2021 ஏப்ரல் முதல், சிறு படகை ஓட்டுபவர் இயந்திரத்தை நிறுத்தும் கயிற்றைத் தம் உடலோடு பிணைத்தோ அதற்கு நிகரான கருவியை அணிந்தோ இருக்க வேண்டும் என்ற விதி நடப்பில் உள்ளது. ஓட்டுபவர் நீரில் விழுந்தால் ஆளற்ற படகு அவரை விட்டு ஓடாமலும், சுழன்று வந்து அவரையே வெட்டாமலும் அது காக்கும். இவையெல்லாம் நல்ல சட்டங்கள். ஆயினும் சட்டம் கரையோடு நின்றுவிடுகிறது. அங்கி படகில் இருக்கிறதா என்று அதிகாரி பார்க்கலாம். உடலில் இருக்கிறதா என்று நாள்தோறும் பார்ப்பது மனச்சான்று ஒன்றே. கவிழ்ந்த பின் இருக்கைக்கு அடியில் உள்ள அங்கி, பெட்டியில் பூட்டிய மருந்துக்கு ஒப்பாகும்.

எனவே கடலோடிகள் கூறும் சிறு விதிகள், கூர்ந்து நோக்கின், அறநெறிகளாகவே விளங்குகின்றன. போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லிச் செல்வது காத்திருப்பவரை மதித்தல். நீர் ஏறி இறங்கும் நேரத்தைக் கணக்கிடுவது இயற்கையின்முன் பணிதல். படகின் அளவறிந்து ஆளும் பொருளும் ஏற்றுவது பேராசையை அடக்குதல். இடியோசை கேட்டவுடன் தூண்டிலைச் சுருட்டுவது இன்பத்தைக் கடமைக்குப் பின் நிறுத்துதல். படகில் இளையவன் ஒருவன் திரும்பிவிடலாம் என்று சொன்னால், அவனை எள்ளாமல் அச்சொல்லைக் கட்டளையாக ஏற்பது, அச்சத்தை ஒப்புக்கொள்ளும் துணிவைப் போற்றுதல். இவற்றுள் ஒன்றுக்கும் பெரும் பொருட்செலவு இல்லை. தன்முனைப்பு ஒன்றைத்தான் விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பலரும் தயங்குவது அந்த விலைக்கே.

திரும்பி வருதல்

இந்த அறத்தில் ஒரு தனிமை உண்டு. தீயில் குதித்துக் குழந்தையை மீட்டவனுக்கு மாலை விழும். காற்றின் குறிப்பறிந்து படகைத் திருப்பியவனுக்கு எவரும் மாலையிடுவதில்லை. அவன் காத்த உயிர்கள், காக்கப்பட்டதையே அறியாமல் வீடு சென்று உறங்குகின்றன. நேராத விபத்துக்குச் சாட்சி இல்லை. சில வேளைகளில் வானம் பொய்த்துவிடும். கறுத்த மேகம் கலைந்து வெயில் எறிக்கும். தாமதித்து நின்ற மற்றவர்கள் கூடை நிறைய மீனோடு வந்து அவனைக் கேலி செய்வர். அவன் செய்தது சரி என்று நிறுவ அவனிடம் ஒன்றுமே இராது. பயனைக் காட்டி மெய்ப்பிக்க முடியாத வேளையிலும் சரியானதைச் செய்ய வல்லவனே, பயன் கருதாது அறம் செய்தவன் ஆகிறான்.

பாசிர் ரிஸ் கரையில் அத்தகைய ஒருவர் வெறுங்கூடையோடு இறங்கும் காட்சியை எண்ணிப் பார்க்கலாம். மேற்கே வானம் கறுத்திருக்கிறது; ஆனால் மழை இன்னும் விழவில்லை. உடன் சென்ற சிறுவனுக்குச் சற்று ஏமாற்றம். கொடுவா கடிக்கத் தொடங்கிய நேரத்தில் ஏன் திரும்பினோம் என்று அவன் கேட்கிறான். பெரியவர் அவனுடைய அங்கியின் முடிச்சை அவிழ்த்துவிட்டபடி, நாளைக்கும் மீன் இருக்கும் என்று மட்டும் சொல்கிறார். அடுக்குமாடி வீட்டின் சன்னலில் ஒரு விளக்கு எரிகிறது. அங்கே காத்திருப்பவர், குறித்த நேரத்தில் படி ஏறும் காலடி ஓசையைக் கேட்டு, இன்றும் எதுவும் நேரவில்லை என்று எண்ணாமலே கதவைத் திறக்கிறார். அவர் அஞ்ச நேராதபடி வாழ்ந்ததே, கடலுக்குச் சென்றவர் அவருக்குக் கொண்டுவந்த மீன்.